சேருகிற பக்கம்

பட்டறைக்காரருக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது ஒரு மேஜையின் மூலையில். அதற்கு முன்பு அவர் யாரைப் பார்த்தும் பொறாமைப்படாத புண்ணியவான் என்று சொல்லிவிட முடியாது. எதிர்வரிசைக் கண்ணாடிக்கடையின் கூரை ஒழுகாமலிருப்பதைப் பார்த்து ஒவ்வொரு மழைக்கும் பொருமுகிறவர்தான். ஆனால் அது மழை விட்டதும் தானும் விட்டுவிடுகிற பொறாமை. இது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. நாக்கு சும்மா இருக்கும்போதெல்லாம் அங்கேதான் போய் நின்றது.

அந்தத் தெரு முழுக்கவே பட்டறைகள்தான். கண்ணாடி அறுக்கிறவர்கள், இரும்பு பற்றவைக்கிறவர்கள், மெத்தை தைக்கிறவர்கள், தெருக்கோடியில் ஒரு மரக்கிடங்கு. காலை எட்டு மணிக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகிற சத்தம் தொடங்கிவிட்டால் பிறகு மாலைவரை யாரும் யாரிடமும் மெதுவாகப் பேச முடியாது. பட்டறைக்காரரின் இடம் நட்டநடுவில் இருந்தது. முன்னால் தகரம் வேய்ந்த நீளக் கொட்டகை, பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். சமையலறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவோரத்து முக்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு பிளைவுட் துண்டு, காதில் செருகிய பென்சில். அடுப்பில் ஒரு கண்ணும் கணக்கில் ஒரு கண்ணுமாக இருப்பாள்.

மரவேலையில் அவரை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆணியில்லாமல் இரண்டு சட்டங்களை அவர் கவ்வவிட்டால், எங்கே சேர்ந்தது என்று நகத்தால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. கணக்குதான் அவருக்கு ஒத்துவராது. கூட்டல் வரும். பெருக்கலும் ஒரு மாதிரி வரும். இரண்டும் ஒரே கணக்கில் வந்துவிட்டால் மனிதர் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிப்பார். அதனால் கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே அளவை அவர் சொல்லுவார், விடையை அவள் சொல்லுவாள். "நாலேகால், ரெண்டரை" என்று அவர் கொட்டகையிலிருந்து கத்தினால், சுற்றளவு "பதிமூணரை" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். அந்த அளவுக்கு அவர் ஓரச் சட்டத்தை வெட்டுவார். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட வெட்டினது வீணாகவில்லை. சில நாட்களில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு என்று நடந்ததே இந்தக் கத்தலும் பதிலும் மட்டும்தான். அதுவே தாராளம் என்று அவர் நினைத்திருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்பு, ஓரம் ஒட்டுகிற மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். பிளைவுட்டை வெட்டினால் ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். பார்க்கவும் நன்றாக இருக்காது, ஈரம் பட்டால் ஊதியும் போகும். அதை மறைப்பதற்குப் பலகையைச் சுற்றிலும் விரல் அகலத்தில் ஒரு பட்டையைச் சூட்டுப் பசை வைத்து ஒட்டவேண்டும். மெஷினோடு அதை ஓட்டுகிறவனும் வந்தான். முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகவில்லை. ஒல்லி உடம்பு, முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அழகனாக இருந்திருந்தாலாவது பட்டறைக்காரருக்குத் தன் வயிற்றெரிச்சலை வெளியே சொல்லிக்கொள்ள ஒரு நியாயம் கிடைத்திருக்கும்.

அந்த மூலை விஷயம் நடந்தது அவன் வந்த மூன்றாவது மாதம். ஒரு அலுவலகத்துக்குப் பெரிய மேஜை. எட்டடி நீளம், ஐந்தடி அகலம். அங்கே அறைக்குள் ஒரு தூண் இருந்ததால் மேஜையின் ஒரு மூலையைச் செவ்வகமாக வெட்டி எடுக்கவேண்டியிருந்தது. பட்டறைக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே வழக்கம்போலக் கத்தினார்.

"எட்டு, அஞ்சு. ஒரு மூலையில ஒண்ணரைக்கு ரெண்டு வெட்டு."

"இருபத்தாறு" என்று பதில் வந்தது. ஒரு குரலில் அல்ல. கதவோரத்திலிருந்து அவளும், மெஷினுக்குப் பின்னாலிருந்து அவனும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். சாதாரணமான சிரிப்புதான். ஆனால் அவர் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்பதே பட்டறைக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வெட்டினதைக் கழிக்கலையா?" என்றார் அவர்.

"கழிக்க வேணாம் அண்ணே. மூலையை வெட்டினாலும் சுத்தளவு மாறாது" என்றான் மெஷின்காரன்.

"மூணு சதுர அடி பலகை போகுது. எப்படிப்பா மாறாம இருக்கும்?"

"வெளியில போனது ரெண்டு கோடு, உள்ள வந்தது ரெண்டு கோடு. ரெண்டும் அதே நீளம்தாங்க" என்று அவள் விரலால் காற்றில் வரைந்து காட்டினாள்.

அவர் புரிந்தவர் மாதிரி தலையாட்டினார். மத்தியானம் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனதும், வெட்டி முடித்த மேஜையைச் சுற்றி டேப்பை வைத்து ஒவ்வொரு பக்கமாக அளந்தார். ஆறு பக்கத்தையும் பலகையில் எழுதி இரண்டு தடவை கூட்டினார். இருபத்தாறுதான் வந்தது. தப்பாக வந்திருந்தால் மனிதர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

அதன்பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஈரத்தில் பசை சீக்கிரம் பிடிக்காது. ஒவ்வொரு பலகைக்கும் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில் மெஷின்காரன் கழிவுக் குவியலிலிருந்து கோணல்மாணலாக ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வருவான். ஐந்து மூலை, ஏழு மூலை, ஒருநாள் ஒன்பது மூலைகூட இருந்தது. கண்ணால் பார்த்தே சுற்றளவு சொல்லவேண்டும், பிறகு டேப் வைத்துப் பார்க்கவேண்டும். யாருடைய விடை தூரமோ அவர் டீ போடவேண்டும். பெரும்பாலும் தோற்றது அவன்தான். சமையலறைக்குள் போய் சர்க்கரையை அள்ளிக் கொட்டி ஒரு டீ போட்டுக்கொண்டு வருவான். அவளும் பாயசம் மாதிரி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடிப்பாள். பட்டறைக்காரர் உளியைத் தீட்டிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தார். அந்த மாதத்தில் அவருடைய உளிகள் மாதிரி கூர்மையான உளி அந்தத் தெருவிலேயே இருந்திருக்காது.

அண்ணி என்றுதான் அவன் கூப்பிட்டான், தம்பி என்றுதான் அவளும் பேசினாள். சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். தெரிந்ததனால் என்ன ஆயிற்று? தன் மனைவி தப்பு செய்கிறாள் என்று ஒரு நிமிஷம்கூட அவர் நினைக்கவில்லை. அவருக்கு எரிந்தது வேறு. அவர்கள் இருவரும் பேசுகிற பாஷை ஒன்று இருந்தது. அதில் தனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை என்பதுதான் எரிந்தது.

இதில் பட்டறையில் பாலிஷ் போடுகிற பாலிஷ்காரர் வேறு எண்ணெய் ஊற்றினார். அறுபதைத் தொட்ட மனிதர், கை எப்போதும் உப்புத்தாளில் இருக்கும், வாய் அடுத்தவர் வீட்டில் இருக்கும். ஒருநாள் தலையை நிமிர்த்தாமலே, "முதலாளி, வீட்டம்மாவுக்குக் கணக்குல நல்ல கூட்டாளி கிடைச்சுட்டாரு போல" என்றார். விகற்பமாகச் சொல்லவில்லை. ஆனால் கூட்டாளி என்ற வார்த்தை பட்டறைக்காரரோடு சாப்பிட உட்கார்ந்தது, அவரோடு படுத்தது, காலையில் அவருக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

தானும் ஒருநாள் முயற்சி செய்து பார்த்தார். ஏழு மூலையில் ஒரு துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு போய் மனைவி முன்னால் நீட்டினார். அவள் கொஞ்சம் ஆச்சரியத்தோடு வாங்கிப் பார்த்துவிட்டு ஐந்தே முக்கால் என்றாள். அவர் ஓ என்றார். அதற்குமேல் என்ன சொல்லவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பள்ளிக்கூட வேலை வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான மேஜைகள். பள்ளிக்கூடத்து மேலாளரம்மா குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நேரில் வந்து ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். படத்தில் ஆறு பக்கமும் சமமாக ஒரு வடிவம், பக்கத்துக்கு இரண்டடி. நடுவில் குறுக்கே புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் மேஜை இரண்டு பாதியாகப் பிரியும். இப்படி முப்பது ஜோடி, மொத்தம் அறுபது மேஜை. ஓரத்துக்குத் தேன் நிறப் பட்டைதான் வேண்டும். அந்த நிறத்தைக் கம்பெனியில் சொல்லி வைத்தால்தான் செய்வார்கள். வந்துசேர பன்னிரண்டு நாளாகும். மூன்று வாரம் கழித்துத் திங்கள்கிழமை பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மேஜைகள் போய்ச் சேர்ந்தாகவேண்டும்.

படத்தை அவர் யாரிடமும் காட்டவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மத்தியானம் மரக்கிடங்குக்குப் போவதாகச் சொல்லிப் போய், அங்கே அடுக்கி வைத்திருந்த பலகைகளின் மேல் ஏறி உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். பக்கத்துக்கு இரண்டடி, ஆறு பக்கம், பன்னிரண்டடி. புள்ளிக் கோட்டை அவர் பார்க்காமல் விடவில்லை. பார்த்தார், யோசித்தார். இரண்டு பலகை சேருகிற இடம் அது. சேருகிற இடத்துக்கு ஓரம் கட்டுகிற வழக்கம் எந்த மரவேலையிலும் கிடையாது. அங்கே பட்டை வைத்தால் இடைவெளிதான் தெரியும், நல்ல வேலைக்காரனுக்கு அது அவமானம். முப்பது ஜோடிக்கு முன்னூற்றறுபது. வெட்டில் போகிற சேதாரம் சேர்த்து நானூறு அடி. ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். அங்கிருந்தே கம்பெனிக்குப் போன் போட்டு நானூறடி என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு மாப்பிள்ளை முறுக்கு இருந்தது.

அன்று சாப்பிடும்போது மனைவி, பள்ளிக்கூட வேலையின் அளவைச் சொன்னால் போட்டுத் தருவதாகச் சொன்னாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, அது ஆகிவிட்டது, சொல்லியும் அனுப்பியாகிவிட்டது என்றார்.

"ஓ, தம்பி பார்த்துட்டாரா?" என்றாள் அவள்.

அவர் வாயில் ரொட்டி இருந்தது. தானே போட்டதாகச் சொல்ல நினைத்துதான் மென்றார். ஆனால் புருஷன் போட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லையே என்கிற எண்ணம் முந்திக்கொண்டது. தண்ணீரைக் குடித்தார். அவள் எழுந்து போய்விட்டாள்.

பட்டை வந்த அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் வண்டிக்காரன் கத்தியது எதுவும் காதில் விழவில்லை. அறுபது பலகைகளையும் அவர் ஏற்கெனவே வெட்டிப் பாதிப் பாதியாக அடுக்கி வைத்திருந்தார். வெட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பாதியைச் சேர்த்து வைத்தால் நடுவில் காகிதம் நுழையாது. மெஷின்காரன் நாலு ரோலையும் பிரித்து வைத்துவிட்டு முதல் பலகையைத் தூக்கினான். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். ரோலைப் பார்த்தான். பலகையைக் கீழே வைத்துவிட்டு பட்டறைக்காரரிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி குனிந்து சொன்னான்.

"அண்ணே, நானூறடிதான் வந்திருக்கு."

"நானூறுதான் சொன்னேன்."

"ஒரு பாதிக்கே பத்தடி ஆகுதே அண்ணே. வெளியில மூணு பக்கம் ஆறடி, அந்த நீளப் பக்கம் நாலடி. அறுபது பலகைக்கு அறுநூறு வேணும்."

"சேர்ற பக்கத்துக்கு எதுக்குப் பட்டை?"

"சேர்ந்தே இருந்தா வேணாம். பிள்ளைங்க பிரிச்சுப் போட்டு உக்காருவாங்களே அண்ணே. அப்ப அந்தப் பக்கமும் வெளியிலதான் இருக்கும். கையைக் கிழிச்சுடும்."

பட்டறைக்காரர் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தார். பிரியும்போது இரண்டு பாதிக்கும் தனித்தனியாக ஒரு ஓரம் வரும் என்பது இப்போது கண்ணெதிரே அறுபது தடவை தெரிந்தது. இன்னொரு பட்டைக்குச் சொல்லி அனுப்பினால் பன்னிரண்டு நாள். பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள்தான் இருந்தது.

அதற்குள் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லுமுன் அவளே பலகையையும் ரோலையும் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு எவ்வளவு நேரமாகிவிடப்போகிறது?

"இது யார் போட்ட கணக்கு?" என்றாள்.

"தம்பிதான் பார்த்தாரு" என்றார் பட்டறைக்காரர்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. இல்லை, தானாக ஒன்றும் புரளவில்லை. ஐந்து மாதமாக அது அந்தப் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தது.

மெஷின்காரன் பசைத் துணியில் கையைத் துடைத்தான். அவன் கையில் அன்றைக்கு அவ்வளவு பசை இல்லை. ஆனாலும் விரல் விரலாகத் துடைத்தான்.

"ஆமா அண்ணி. நான்தான் தப்பா போட்டுட்டேன்" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். அதன்பிறகு நடந்தது பட்டறைக்காரருக்கு எதுவும் சரியாகப் பிடிபடவில்லை. வெளிப் பக்கம் மட்டும் எவ்வளவு என்று அவள் கேட்டாள், முன்னூற்றறுபது என்று அவன் சொன்னான். சேதாரத்தோடு நானூறுக்குள் அடங்கிவிடும் என்றாள் அவள். உள்பக்கம் இருநூற்றுநாற்பது என்றான் அவன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பரணைப் பார்த்தார்கள். அங்கே ஒரு மருந்துக்கடை வேலையில் மிஞ்சிய சிவப்புப் பட்டை மூன்று ரோல், தூசி படிந்து கிடந்தது.

"வெளிப் பக்கமெல்லாம் தேன் நிறம். சேர்ற பக்கம் மட்டும் சிவப்பு" என்றாள் அவள்.

"சிவப்பும் சிவப்பும் ஒட்டணும்னு சொல்லிட்டா போதும் அண்ணி. எழுத்து தெரியாத பிள்ளைகூட மேஜையைச் சேர்த்துடும்."

இருவரும் சிரித்தார்கள். தன்னுடைய தப்பு அவர்களுக்கு ஒரு நல்ல புதிராகப் போய்விட்டதே என்று பட்டறைக்காரர் நின்றார். இதைவிட அந்த அறுபது பலகையும் மழையில் நனைந்து ஊதிப்போயிருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அவள் சிரிப்பை நடுவிலேயே நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பரணுக்கு ஏணி எடுக்கப் போய்விட்டார்.

எட்டு நாள் விடாமல் வேலை நடந்தது. மெஷின் பசையைச் சுடவைத்துச் சுடவைத்து ஒட்டியது. பட்டையின் பிசிரைக் கத்தியால் சீவுவது பட்டறைக்காரர், உப்புத்தாள் போடுவது பாலிஷ்காரர், ஈரத் துணியால் துடைத்து அடுக்குவது அவள். கொட்டகை முழுக்கப் பசை நாற்றம். ஒழுகுகிற இடத்திலெல்லாம் வாளி வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு நேரங்காலம் இல்லை. சோற்றைப் போட்டு அதன்மேல் பருப்பை ஊற்றி அவித்த முட்டை ஒன்றை வைத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவார்கள். அவரோடு அவள் சமையலறையில் எதிரே உட்கார்ந்துவிடுவாள். அவர் கைகழுவுகிறவரை எழுந்திருக்க மாட்டாள். ஒருநாள், ஏதாவது சொல்லவேண்டுமா என்றுகூடக் கேட்டாள். முட்டைக்கு உப்பு போதவில்லை என்றார் அவர். மெஷின்காரன் கணக்கில் கோட்டைவிட்டதை நினைத்து மனைவி வாடிப்போயிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் அவருக்கு ஒரு வாய் சோறு கூடுதலாகவே இறங்கியது.

மேஜைகள் போய்ச் சேர்ந்தன. மேலாளரம்மா வகுப்பறையில் இரண்டு பாதியைத் தானே இழுத்துச் சேர்த்துப் பார்த்தார், பிரித்துப் பார்த்தார், மறுபடி சேர்த்தார். சிவப்புப் பக்கம் யாருடைய யோசனை என்று கேட்டார். பட்டறைக்காரர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மெஷின்காரன் முந்திக்கொண்டு, "அண்ணனோடதும்மா" என்றான்.

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. தப்பையும் இவனே எடுத்துக்கொள்கிறான், பெருமையையும் இவனே கொடுக்கிறான், தனக்கென்று எதையாவது இந்த ஆள் மிச்சம் வைக்கக்கூடாதா என்று வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் பட்டறைக்காரர் பொருமினார்.

மறுநாள் காலை அவள் காய்கறி வாங்கக் கிளம்பியதும் அவனைக் கூப்பிட்டார். மழைக்காலத்தில் வேலை குறைவாகத்தான் இருக்கும், மெஷினைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்றெல்லாம் சுற்றிவளைத்தார். அவன் பசைத் துணியை மடித்துக்கொண்டே கேட்டான். அந்த நிதானம் அவரைக் குத்தியது. சுற்றிவளைத்ததை விட்டுவிட்டு நேரே வந்தார்.

"கணக்குல இப்படிக் கோட்டை விட்டா எப்படிப்பா வச்சுக்கிறது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணே, அந்தக் கணக்கு..." என்று தொடங்கினான். பாலிஷ்காரர் உப்புத்தாளை நிறுத்தியிருந்தார். அவன் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"சரிண்ணே. அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேனே."

"நான் சொல்லிக்கிறேன்."

அவன் மெஷினைத் துடைத்து வைத்தான். ஈரக் காற்றுக்குப் பசையின் சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கவேண்டும் என்று முள்ளைத் திருப்பிக் காட்டிக் கொடுத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். பட்டறைக்காரருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். நடு முதுகில் எட்டாத இடத்தில் கடித்த எறும்பு விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் வந்து கூடையை இறக்கினாள். மெஷின் பக்கம் ஆளில்லாததைப் பார்த்துக் கேட்டாள். அவர் சொன்னார். தப்புக் கணக்கை ஒரு காரணமாகவும் சொன்னார். அவள் காயை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள். இரண்டு காயை நறுக்கி முடித்தாள்.

"அந்தக் கணக்கு உங்களோடதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"யார் சொன்னா? அவன் சொன்னானா?"

"அவர் எதுக்குச் சொல்றாரு? அந்தத் தப்பே சொல்லுச்சு. ரெண்டு பலகை சேர்ற இடத்துக்குப் பட்டை வேணாம்னு மரவேலை தெரிஞ்சவங்களுக்குத்தான் தோணும். மெஷின் ஓட்டுறவருக்கு எல்லா ஓரமும் ஓரம்தான். எனக்கும் அப்படித்தான். இங்க அந்தத் தப்பைப் பண்ணக்கூடியவர் நீங்க ஒருத்தர்தான்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். எட்டு நாளும் தட்டை வச்சுட்டு எதிர்ல உக்கார்ந்தேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? தப்பு யாருக்குத்தான் வராது? அதை அந்த மனுஷன் தலையில கட்டினீங்க. கட்டினதையே சாக்கா வச்சு அனுப்பியும் விட்டுட்டீங்க."

உள்ளே இருந்தது அப்படியே வெளியே வந்தது.

"நீ அவன்கூடச் சிரிக்கிற. பதினாலு வருஷத்துல என்கூட அப்படி ஒரு நாள் சிரிச்சதில்ல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் உயரவில்லை.

"பதினாலு வருஷமா நீங்க அளவு சொன்னீங்க, நான் விடை சொன்னேன். வாங்கிக்கிட்டு வெட்டப் போயிடுவீங்க. அது எப்படி வந்துச்சுன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? அவர் கேட்டாரு. அவ்வளவுதாங்க. அதுக்குமேல அதுல ஒண்ணுமே இல்ல. நீங்க கேட்டிருந்தா உங்ககூடச் சிரிச்சிருப்பேன்."

மறுநாள் அவர் மெஷின்காரன் தங்கியிருந்த அறையைத் தேடிப் போனார். நனைந்துகொண்டேதான் போனார். பக்கத்து அறைக்காரர் கதவைப் பாதி திறந்து, அவன் விடியற்காலை பஸ்ஸிலேயே போய்விட்டதாகவும், வேறு ஊரில் ஒரு பெரிய பட்டறையில் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறதாகவும், இதுவரை இவன்தான் போகாமல் இருந்ததாகவும் சொன்னார். திரும்பி வந்து அதை மனைவியிடம் சொன்னார். அவள் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

சண்டை ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. துவைத்த சட்டை மடித்து வைத்திருந்தது. கணக்கும் நிற்கவில்லை. அவர் கொட்டகையிலிருந்து அளவைக் கத்துவார். பதில் குரல் மட்டும் வராது. கொஞ்ச நேரத்தில் அவள் வந்து, விடை எழுதிய பிளைவுட் துண்டை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். பாலிஷ்காரர்கூட முதல் வாரம் கிண்டல் செய்துவிட்டு இரண்டாவது வாரம் விட்டுவிட்டார். கதவோரத்து முக்காலியில் இப்போது அவள் உட்காருவதில்லை. சமையலறைக்கு உள்ளே ஜன்னல் பக்கம் போய்விட்டாள். பட்டறைக்காரர் ஆசைப்பட்ட மாதிரியே கொட்டகையில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று.

மழை விட்ட பிறகு முடிவெட்டும் கடை ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. சுவரின் மடிப்புக்குத் தகுந்த மாதிரி ஏழு பக்கத்தில் ஒரு மேஜை. அவர் ஏழு அளவையும் கத்தினார். அவள் துண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இருபத்தொன்றேகால் என்று எழுதியிருந்தது. அவர் ரம்பத்தை எடுத்தார். எடுத்ததைத் திரும்பக் கீழே வைத்தார். துண்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசல்வரை போனார். உள்ளே அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

கேட்க அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு விடை வந்த வழியை அவளிடம் அவர் கேட்டது பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவள் கை தண்ணீருக்குள் நின்றது. அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிற மாதிரி ஒரு கணம் இருந்தது.

"சரியாத்தான் இருக்கும். போய் வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களைந்த தண்ணீரை வடித்தாள்.

அவர் போய் வெட்டினார். விடை சரியாகவே இருந்தது.